கருப்பை அடங்கக் காத்திருந்த இரண்டு நாட்கள்

குழந்தைப்பேறு சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் போன்ற இளம் மருத்துவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கேனுக்கு எந்த மெஷின் நல்ல மெஷின், மேடம்?" என்பதுதான். ஓய்வு பெற்றவளிடம் மெஷினைப் பற்றிக் கேட்பது, சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவரிடம் சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்பது மாதிரி. இருந்தாலும் சொல்கிறேன். மெஷினை நிர்வாகம் எப்படியும் வாங்கித் தந்துவிடும். நீங்கள் ஒரு நல்ல நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு வலிக்காமல் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதற்கு ஏற்ற நாற்காலி. இந்தத் தொழிலில் அவசரக்காரர்கள் தவறவிடுவதெல்லாம் உட்கார்ந்து பார்க்காததால் தவறுவதுதான்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன். கருப்பையின் உள்வரி, அதாவது உள்ளே படிந்திருக்கும் சவ்வு, எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளக்கிறீர்கள். கணக்கு சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறீர்கள். அந்த உள்வரிக்குப் பின்னால் இருக்கும் சுவரை யாரும் பார்ப்பதில்லை. கருப்பை என்று பெயர் இருப்பதால் அது ஏதோ ஆணியில் தொங்கும் மஞ்சப்பை மாதிரி, போட்டதை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. அது முழுக்கத் தசை. பிள்ளை இல்லாத போதும் சும்மா இருப்பதில்லை. மெல்லிய அலை போலச் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. நாம் ஆய்வகத்தில் தூசி அளவுக்கு வளர்த்த கருவைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும் நேரத்தில் அந்தத் தசை அலைக்கழித்துக்கொண்டிருந்தால், கரு ஒட்டுவதற்கு முன்பே இடம் பெயர்ந்துவிடலாம்.

சில பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உள்வரித் திசு தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவி, கருப்பை உருண்டு தடித்துப்போயிருக்கும். அடினோமயோசிஸ் என்று படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட தசைக்கு அடக்கம் குறைவு.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் என் பேராசிரியை. திட்டுவதில் பெயர் போனவர். திரையில் ஓடும் படத்தை நிறுத்தும் பட்டனை நான் அமுக்கினாலே புறங்கையில் தட்டுவார். "ஓடுறதை நிறுத்தி வச்சுட்டு ஓடுதான்னு பாக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்பார். அந்த வசவுதான் பிற்பாடு ஒரு புதன்கிழமை காலையில் எனக்குக் கை கொடுத்தது. அந்தப் புதன்கிழமையைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

2008 வாக்கில் நடந்தது. விருதுநகரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் அப்போதுதான் சின்னதாக ஒரு கரு ஆய்வகம் அமைத்திருந்தோம். ஒரே ஒரு இன்குபேட்டர். கருக்களை வளர்ப்பதற்கு மதுரையிலிருந்து சரவணன் என்ற இளைஞர் பஸ்ஸில் வந்து போவார். அளந்து பேசுவார், அளந்து சிரிப்பார். மின்வெட்டு நாள் தவறாமல் வந்த காலம் என்பதால் அவர் முகத்தில் எப்போதும் ஒரு கவலை ஒட்டியிருக்கும்.

சோலையம்மாள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். காகிதக் குழல்களுக்குள் வெடிமருந்தை நிரப்புகிற வேலை அது. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவள் நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் பிள்ளை தங்கவில்லை. கணவன் வேலுச்சாமி லாரி டிரைவர். தீபாவளி சீசனுக்கு முந்தைய மாதங்களில் வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். அதனால் சிகிச்சைக்கெல்லாம் கூட வந்தது வேலுச்சாமியின் அக்கா பேச்சியம்மாள். சோலை அவரை மதினி என்று கூப்பிடுவாள். ஆமத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். வாய் ஓயாது, ஆனால் சோலை மேல் உயிர்.

முதல் முறை வந்தபோது மாதவிலக்கைப் பற்றி வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தூரத்துக்கு வலி இருக்குமா?"

"எல்லாத்துக்கும் இருக்கிறதுதான டாக்டரம்மா."

"அன்னிக்கு வேலைக்குப் போவியா?"

"போகாம?"

பேச்சியம்மாள் குறுக்கே விழுந்தார். "அவகிட்டக் கேக்காதீக டாக்டரம்மா, எங்கிட்டக் கேளுங்க. சுருண்டு போயிருவா. ஆனா வாயத் தொறக்க மாட்டா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல மதினிம்பா. பல்லைக் கடிச்சே பாதித் தேஞ்சு போச்சு."

ஸ்கேனில் பார்த்தேன். கருப்பையின் பின் சுவர் தடித்திருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். சினைமுட்டைகளும் குறைந்துகொண்டே வந்தன. காத்திருக்க நேரமில்லை. சிகிச்சையைத் தொடங்கினோம். ஊசிகள் போட்டு, முட்டைகளை எடுத்து, கடைசியில் எங்கள் கைக்கு வந்தது மூன்று கருக்கள். இன்னொரு முறை செய்தால் இந்த மூன்று கூடக் கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதை அவளிடமும் சொல்லியிருந்தேன். அவளுக்கு இருந்தது இந்த மூன்றுதான்.

முட்டை எடுத்த மூன்றாம் நாளில் கருவை உள்ளே வைப்பது அன்றைய வழக்கம். அந்த மூன்றாம் நாள்தான் புதன்கிழமை.

சோலையைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தேன். முதலில் தெரிந்தது அவளுடைய மூத்திரப்பை. திரை முழுக்க அதுதான். கருப்பை எங்கோ மூலையில் நசுங்கிக் கிடந்தது. கருவை வைக்கும்போது மூத்திரப்பை ஓரளவு நிறைந்திருந்தால் உள்ளே தெளிவாகத் தெரியும் என்பதற்காகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வோம். ஓரளவு.

"எம்புட்டுத் தண்ணி குடிச்ச?"

"முட்டக் குடிச்சுட்டு வரணும்னு சிஸ்டர் சொன்னாகள்ல. விடியக்காலம் குடிச்சேன். பஸ்ஸுல குடிச்சேன். இங்கன வந்தும் குடிச்சேன்."

"வலிக்கலையா?"

"வலிக்கி. அடக்கிக்கிடுவேன். கம்பெனியில சாயங்காலம் வரைக்கும் அடக்குறதுதான."

கம்பெனியில் கழிப்பிடம் தூரம். நினைத்தபோதெல்லாம் அறையை விட்டு இறங்க முடியாது. அதனால் அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிப் பழகியவர்கள். வெறும் வயிற்றோடு அடக்கிப் பழகியவள் அன்றைக்குக் குடம் குடமாகக் குடித்துவிட்டு அடக்கியிருக்கிறாள். நிறைந்து புடைத்த மூத்திரப்பை கருப்பையை அழுத்தினால் அந்தத் தசை இன்னும் சுருங்கும். "முட்ட" என்று அவளிடம் சொன்னால் அவள் முட்டத்தான் செய்வாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எஸ்தர் சிஸ்டரை விட்டுக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்சம் மூத்திரம் போகவைத்துக் கூட்டிவரச் செய்தேன். எஸ்தர் சிஸ்டர் எங்கள் மூத்த செவிலியர், பாளையங்கோட்டையில் படித்தவர், அதற்குள் மூன்று முறை ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்.

திரும்ப வந்து படுத்தாள். நான் கருவியை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன்.

அலை குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. உள்வரியின் ஓரம் ஒரு பக்கமாக நெளிந்து, அடங்கி, மறுபடியும் நெளிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடித்த பின் சுவரிலிருந்து கிளம்புகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பொறுத்தேன். சரியாகவில்லை.

"பல்ஸ் நல்லா இருக்கு மேடம்," என்றார் எஸ்தர் சிஸ்டர். "பிரஷரும் நார்மல். எம்புட்டுத் தைரியமா இருக்கா பாருங்க. நேத்து வந்த டீச்சரம்மா என்னா ஆட்டம் ஆடுனாக."

உண்மைதான். சோலை கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கை இரண்டும் மார்பின் மேல் அசையாமல் இருந்தன. விரல் நுனி கூட அசையவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்திருப்பவள் முகம் மாதிரி இருந்தது அவள் முகம். அந்த அறையில் அமைதியில்லாமல் இருந்தது இரண்டுதான். ஒன்று திரையில் தெரிந்த அந்தத் தசை. இன்னொன்று நான்.

ஆய்வக ஜன்னலில் சரவணன் தலை தெரிந்தது. "எடுத்துரட்டுமா மேடம்?" என்று கேட்டார். கருக்களை மெல்லிய குழாயில் எடுத்துவிட்டால் பிறகு யோசிக்க நேரம் கிடையாது, உடனே வைத்தாக வேண்டும். "இரு" என்று சொல்லிவிட்டு நானே அவரிடம் போனேன்.

"கருப்பை அடங்கல, சரவணா. ரெண்டு நாள் பொறுத்தா அடங்கும். முட்டை எடுத்த பிறகு உடம்புல புரோஜெஸ்டரோன் ஹார்மோன் ஏற ஏற இந்தத் தசை தானா ஓயும்."

"ரெண்டு நாள்னா அஞ்சாம் நாள் மேடம். நம்ம லேப்ல நான் ஒரு தடவைகூட அஞ்சாம் நாள் வரைக்கும் வளர்த்ததில்ல. மூணும் வளராம நின்னு போகலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "கரண்ட் வேற இந்த லட்சணத்துல இருக்கு."

"ஃப்ரீஸ் பண்ணி வச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். உறைய வைத்த கரு திரும்ப உயிரோடு எழுவது அன்றைய முறையில் நிச்சயமில்லாத காரியம். அதற்கான கருவியும் எங்களிடம் இல்லை. கேட்டது நான்தான் என்றாலும், கேட்டு முடிப்பதற்குள் விடை எனக்கே தெரிந்திருந்தது.

ஆக, இரண்டே வழி. இன்றைக்கே அலைக்கழிகிற கருப்பைக்குள் மூன்றையும் வைப்பது. அல்லது கருப்பை அடங்கும் வரை காத்திருந்து, அதற்குள் மூன்றும் கருகிப் போகாது என்று நம்புவது. முதல் வழியில் தோற்றால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வழக்கப்படி செய்தார்கள், கரு தங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது வழியில் தோற்றால், இருந்த மூன்றையும் இந்த டாக்டர் காத்திருந்தே கெடுத்துவிட்டாள் என்றுதான் பேச்சு வரும். நீங்கள் இந்த இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். அப்போது உங்கள் மனம் முதல் வழியைப் பிடித்து இழுக்கும். அது நோயாளிக்காக இழுக்கிறதா உங்களுக்காக இழுக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். என் மனம் எனக்காகத்தான் இழுத்தது.

வராண்டாவில் பேச்சியம்மாள் என்னை மடக்கினார். "டாக்டரம்மா, பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள வச்சிருங்க. நல்ல நேரம் பாத்துத்தான் வந்துருக்கோம்." அவர் கையில் செல்போன். மறுமுனையில் எங்கோ வடக்கே லாரியோடு வேலுச்சாமி. "ஏலே தம்பி, போனைக் காதுல வச்சிட்டே இரு, டாக்டரம்மா உள்ள போறாக," என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் சோலை பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விஷயத்தை எளிமையாகச் சொன்னேன். கருப்பை அசைந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கு வைத்தால் தங்காமல் போகலாம், காத்திருந்தால் கரு வளராமல் போகலாம், இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. டாக்டர்கள் பேசும் தோரணையில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று தராசு பிடித்துச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "லீவு இன்னிக்கு ஒருநாளுதான் குடுத்துருக்காக. சீசன் நேரம்," என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குப் பயமா இருக்கா டாக்டரம்மா?"

"ரெண்டுலயும் கஷ்டம் இருக்குன்னுதான் சொல்றேன்."

"அதைக் கேக்கல. இன்னிக்கு வைக்க உங்களுக்குப் பயமா இருக்கா?"

இத்தனை வருடத்தில் எந்த நோயாளியும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எஸ்தர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா" என்றேன்.

"அப்ப இன்னிக்கு வேண்டாம்," என்றாள் சோலை. சாதாரணமாகச் சொன்னாள். "எங்க மருந்து ரூமுல ஒரு பழக்கம் உண்டு. காலையில யாருக்காச்சும் மனசு சரியில்ல, கை நடுங்குதுன்னா, 'நான் இன்னிக்கு உள்ள வரல'ன்னு வாசல்லயே சொல்லிரணும். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். போர்மேனும் கேக்க மாட்டாக. அன்னிக்கு லேபிள் ஒட்டப் போயிருவோம். வீட்டுல சண்டையா இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலா இருக்கும், எதுவோ. பயத்தோட உள்ள போறதுதான் தப்பு."

"நீ அப்படிச் சொல்லியிருக்கியா?"

"நெறையவாட்டி. இன்னிக்குத்தான் சொல்லல."

சொன்னதும் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. அதுவரை அசையாமல் இருந்த அதே கை. பிறகு தோள், பிறகு முழு உடம்பும். எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்து போர்வையைப் போர்த்தினார். "பயந்தா வைக்க மாட்டீகளோன்னுதான் சொல்லல, டாக்டரம்மா," என்று பல்லுக்கிடையில் சொன்னாள். அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பயத்தால்தான் கருப்பை அப்படி அசைந்தது என்று நான் சொன்னதாக வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குத் தசை தடித்திருந்தது. ஊசிகளால் ஹார்மோன் ஏறியிருந்தது. காலையிலிருந்து மூத்திரப்பை அழுத்தியிருக்கிறது. பயமும் இருந்தது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை, உங்களிடமும் இல்லை. நான் சொல்வது வேறு. ஒரு சிறு அசைவு கூட உயிருக்கு ஆபத்தாகும் அறையில் வேலை பார்க்கிறவள் தன் முகத்தையும் கையையும் நாடியையும் அடக்கப் பழகியிருப்பாள். அவள் அமைதியைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிம்மதியடைந்தோம். உட்கார்ந்து திரையைப் பார்த்திருக்காவிட்டால் நானும் அந்த நிம்மதியிலேயே காரியத்தை முடித்திருப்பேன்.

காத்திருப்பது என்று முடிவானது. வெளியே வந்து பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவர் போனில், "ஏலே, வைக்கலையாம்லே. வெள்ளிக்கிழமையாம். உம் பொண்டாட்டிதான் வேண்டாம்னுட்டா. நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு," என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். கம்பெனிக்கு யார் போன் செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சோலை வார்டிலேயே தங்கினாள்.

அந்த இரண்டு நாளும் நான் மனுஷியாக இல்லை. மற்ற நோயாளிகளைப் பார்த்தேன், பிரசவம் பார்த்தேன், வீட்டுக்குப் போனால் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. எதிர்பார்த்ததுதான். ஜெனரேட்டர் இருமியது, ஓடவில்லை. மறுபடியும் இருமியது. நான் ஆய்வகத்துக்கு ஓடினேன். இன்குபேட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. சரவணன் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"திறந்து ஒரு தடவை பாத்திரலாமா?" என்றேன்.

"திறந்தா உள்ள இருக்கிற சூடும் வாயுவும் போயிரும் மேடம். நீங்க வெளியே இருங்க."

என்னைவிட இருபது வயது இளையவர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். கீழே இரண்டு பேர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமையே வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். வைத்திருந்தால் இந்நேரம் இந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு முடிவை எடுத்த பிறகு அது தப்போ என்று மனம் அரிப்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கஷ்டமான பகுதி. அதற்கு நான் இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ஜெனரேட்டர் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை சரவணன் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்ததும் ஒரு விரலைக் காட்டினார். இரண்டு வளராமல் நின்றுவிட்டன. ஒன்று மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

அந்த ஒரு விரலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா, கலங்கினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. சோலையிடம் போய், "ரெண்டு நின்னு போச்சும்மா, ஒண்ணு இருக்கு," என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை தண்ணீரை நானே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். படுக்க வைத்து, கருவியை வைத்து, உட்கார்ந்தேன். பார்த்தேன். உள்வரி ஓரம் ஒரு கோடு போட்ட மாதிரி நின்றது. நம்ப முடியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அசையவில்லை. பிறகு எஸ்தர் சிஸ்டரைக் கேட்டேன், சரவணனைக் கேட்டேன், கடைசியாகச் சோலையைக் கேட்டேன்: "யாருக்காவது இன்னிக்கு வேண்டாம்னு தோணுதா?"

"பயமாத்தான் இருக்கு," என்றாள் சோலை. "ஆனா வைங்க."

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். கருவை வைத்தது அதன் நட்டநடுவில். பேச்சியம்மாளுக்கு அது தெரியும். வாயே திறக்கவில்லை.

அந்தக் கேள்வியை அதன் பிறகு எங்கள் அறையில் வழக்கமாக்கிவிட்டேன். கருவைக் குழாயில் எடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் கேட்பேன். யாராவது வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன், மறுபடி ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரத்தப் பரிசோதனை வரைக்குமான நாட்கள் எப்படிப் போயின என்று சொல்ல மாட்டேன், உங்களில் யார் அந்த நாட்களைக் கடந்தாலும் அதே மாதிரிதான் போகும். கரு தங்கியது. எட்டாவது வாரம் கொஞ்சம் இரத்தம் பட்டது, தசை மறுபடியும் முறைத்தது, எல்லோரும் ஒரு முறை செத்துப் பிழைத்தோம். ஆனால் தங்கியது. தை மாதமும் மாசியும் தாண்டி, கோடையில் பெண் குழந்தை பிறந்தது. வேலுச்சாமி அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் உங்களைப் போன்றவர்கள் உடனே, "அப்ப நீங்க செஞ்சது சரிதானே மேடம்?" என்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு சோலையம்மாளை வைத்து யாரும் விதி எழுத முடியாது. கையில் இருந்த உண்மையை வைத்து எடுத்த முடிவு அது. அன்றைக்கு அந்தப் பிள்ளை தங்காமல் போயிருந்தாலும் முடிவு அதேதான், நான்தான் உங்களிடம் இதை வேறு குரலில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூன்று வருடம் கழித்துச் சோலை வேறொரு சின்னத் தொந்தரவுக்காக வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்கும் லேசாகக் காய்ச்சல் என்று சீட்டு போட்டிருந்தார்கள். சீட்டைப் பார்த்தேன். முத்துச்செல்வராணி என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

"என்ன சோலை, இம்புட்டு நீளமா பேரு வச்சிருக்க? கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை தெருவைத் தாண்டிரும்," என்று கேலி செய்தேன்.

அவள் சிரித்தாள். பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டாக்டரம்மா," என்றாள். "அன்னிக்குப் புதன்கிழமையே வச்சிருந்தா, மூணும் தங்கியிருக்குமா?"

மூன்று வருடமாக நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "தெரியாதும்மா. ஒண்ணுமே தங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றேன்.

"வேண்டாம்னு சொன்னது நான்தான. உங்களக் குத்தம் சொல்லல. மூணுன்னு சரவணன் சார் சொன்னாகள்ல, அன்னிக்குப் பஸ்ஸுல வரும்போதே மூணுக்கும் பேரு வச்சிட்டேன். முத்து, செல்வம், ராணி. ரெண்டு வராமப் போச்சு. வச்ச பேரை என்ன செய்ய? மூணையும் இவளுக்கே குடுத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தலையை மட்டும் ஆட்டியதைப் பார்த்து, எவ்வளவு திடமாக வாங்கிக்கொண்டாள் என்று நான் நினைத்திருந்தேன். என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. பிள்ளை கதவுத் தாழ்ப்பாளை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். "முத்துச்செல்வராணி," என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். என்ன என்று திரும்பிப் பார்த்தாள்.